பாலிசி முதலாளி பேர்ல, வியாதி தொழிலாளி பேர்ல

சின்ன கம்பெனிங்க தங்களோட ஆளுங்களுக்கு குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துக் குடுக்கறது இந்த அஞ்சாறு வருஷத்துல நல்லாவே கூடியிருக்கு. கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் இருக்கற லேத் பட்டறை, பம்ப்செட் பார்ட்ஸ் பண்ற யூனிட், பத்துப் பதினஞ்சு பேர் உக்காந்து வேலை செய்யற சாஃப்ட்வேர் ஆபீஸ்னு பல இடத்துக்கு நான் ஈஎஸ்ஐ (அரசாங்கத்தோட தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்), பிஎஃப், சம்பள ரிஜிஸ்டர் வேலை பாத்துக் குடுக்கறேன், அதனால இந்தப் பாலிசி பேப்பருங்களும் என் டேபிளத் தாண்டித்தான் போகும். எடுக்கறவங்க பெரும்பாலும் நல்ல மனசோடதான் எடுக்கறாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா ஆயிரம் பேர் இருக்கற கம்பெனி வேற, பன்னெண்டு பேர் இருக்கற பட்டறை வேற. பெரிய கம்பெனில யாருக்கு என்ன வியாதின்னு முதலாளிக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க நேரமும் கிடையாது. பட்டறைல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் வீட்டுல யாரு ஆஸ்பத்திரில படுத்திருக்காங்க, பில் எவ்வளவு ஆச்சு, அடுத்த வருஷம் பிரீமியம் யாரால ஏறுச்சுங்கறது வரைக்கும் டீ டைம்ல பேச்சு வந்துரும். சட்டமும் சரி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயோட விதிகளும் சரி, பெரிய கூட்டத்த மனசுல வச்சு எழுதுன மாதிரி இருக்கு, சின்ன கூட்டத்துக்கு வந்தா அதுல பாதிப் பாதுகாப்பு தானா கழண்டு போயிருது. கழண்டு போன அந்தப் பாதிய முதலாளிதான் வேணும்னே செஞ்சு வைக்கணும்.

முதல்ல ஈஎஸ்ஐ பத்திப் பேசிரலாம், ஏன்னா சிக்கல் நிறைய இங்கதான் ஆரம்பிக்குது. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா ஈஎஸ்ஐ கட்டாயம். மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க எல்லாரும் உள்ள வருவாங்க, மாற்றுத்திறனாளியா இருந்தா 25,000 வரைக்கும். 2019 ஜூலைல இருந்து முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அதாவது 18,000 வாங்கற ஒரு டர்னருக்கு அவர் சம்பளத்துல 135 ரூபா பிடிப்பாங்க, முதலாளி 585 போடுவார், மொத்தம் மாசம் 720. "நான்தான் குரூப் பாலிசி எடுத்துட்டேனுங்களே, அப்புறம் எதுக்குங்க ஈஎஸ்ஐ"ன்னு கேக்காத முதலாளி ரொம்பக் குறைவு. கேள்வி நியாயமாத்தான் தெரியும். ஆனா அது முதலாளி தானா முடிவு பண்ற விஷயம் இல்ல, விலக்கு வேணும்னா அரசாங்கம் ஆர்டர் போடணும், அதுக்கும் ஈஎஸ்ஐக்கு சமமாவோ மேலாவோ வசதி ஏற்கனவே குடுத்துட்டு இருக்கோம்னு காட்டணும். ஒரு குரூப் மெடிக்ளெய்ம வச்சு அத காட்டவே முடியாது.

ஏன் முடியாதுன்னா, மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்ல மட்டும்தான் பாக்கும். அந்த டர்னருக்கே முதுகுல டிஸ்க் ஆபரேஷன் ஆகி மூணு மாசம் எழுந்திரிக்க முடியலன்னு வைங்க, பில்ல பாலிசி கட்டிரும், சரி, அந்த மூணு மாசம் வீட்டு வாடகைய யார் கட்டுவா, பசங்க ஸ்கூல் பீஸ யார் கட்டுவா? ஈஎஸ்ஐல இருந்தா, ஆறு மாச காண்ட்ரிபியூஷன் பீரியட்ல 78 நாளுக்கு பணம் கட்டியிருந்தா, சம்பளத்துல 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் அவர் பேங்க் அக்கவுண்டுக்கே வரும். டிபி, கேன்சர் மாதிரி நீண்ட நாள் வியாதிங்களுக்கு 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம். வேலை செய்யும்போது அடிபட்டு தற்காலிகமா முடங்குனா 90 சதவீதம். வேலைல உயிரே போயிட்டா குடும்பத்துக்கு மாசாமாசம் பணம். ஏற்கனவே சுகர் இருக்கு, ஹார்ட் பிராப்ளம் இருக்குன்னு யாரையும் தள்ளி வைக்கறது இல்ல, அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. இவ்வளவும் மாசம் 720க்குள்ள. இதுக்கு ஈடா தனியார்ல ஒண்ணு வாங்கிரலாம்னு நெனைக்கறவங்க ஒரு தடவ உக்காந்து கணக்குப் போட்டுப் பாக்கணும்.

தொழிலாளிங்களே ஈஎஸ்ஐ வேண்டாம்னு சொல்றதும் நடக்குது. "டிஸ்பென்சரில அரை நாள் வரிசைல நிக்கணும், அரை நாள் கூலி போயிரும், எனக்கு அந்த 135 ரூபாய கையிலயே குடுத்துருங்கண்ணா"ம்பாங்க. வரிசை உண்மை, கூலி போறதும் உண்மை, அத நான் மறுக்க மாட்டேன். ஆனா தொழிலாளி வேண்டாம்னு எழுதிக் குடுத்தாலும் முதலாளி கட்டாம இருக்க முடியாது, சட்டம் அந்த உரிமைய அவங்க ரெண்டு பேருக்குமே குடுக்கல. முதலாளி பங்க தொழிலாளி சம்பளத்துல பிடிக்கறதும் கூடாது, ஈஎஸ்ஐ கட்டறேன்னு சொல்லி சம்பளத்தக் குறைக்கறதும் கூடாது.

அப்புறம் அந்த ஒம்பது பேர் கணக்கு. பதினாலு பேர் வேலை செய்யற இடத்துல ரிஜிஸ்டர்ல ஒம்பது பேர், மீதி ஆளுங்க சம்சாரம் பேர்ல இருக்கற இன்னொரு ஃபர்ம்ல, இல்லன்னா "காண்ட்ராக்ட்". காண்ட்ராக்டர் ஆளா இருந்தாலும் அதே கூரைக்குக் கீழ வேலை செஞ்சா எண்ணிக்கைல வருவாங்க, ஒரு தடவ பத்து தொட்டுட்டா அப்புறம் ஆள் குறைஞ்சாலும் சட்டம் விலகாது. எனக்கு இதுல ரொம்ப வருத்தமான விஷயம் என்னன்னா, ரிஜிஸ்டர்ல இல்லாத அந்த அஞ்சு பேர்தான் குரூப் பாலிசிலயும் இருக்க மாட்டாங்க. அவங்கதான் பெரும்பாலும் பவுண்டரி வெக்கைல நிக்கறவங்க, ஊர் விட்டு ஊர் வந்தவங்க. இருக்கறதுலயே அதிகம் அடிபடற ஆளுக்கு எதுவுமே இல்லாம போயிருது.

பத்துக்குக் கீழ இருக்கற இடங்களுக்கு ஒரு வழி இப்ப வந்திருக்கு. 2025 நவம்பர் 21ல இருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கறதால, முதலாளியும் தொழிலாளிங்கள்ல பெரும்பான்மையானவங்களும் ஒத்துக்கிட்டா சின்ன இடமும் தானா முன்வந்து ஈஎஸ்ஐல சேரலாம். ஏழு பேர் வச்சிருக்கற முதலாளி எங்கிட்ட பாலிசி பத்திக் கேட்டா நான் முதல்ல இதத்தான் சொல்றேன், ஏஜெண்டுங்க யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு இதுல கமிஷன் கிடையாது.

சரி, குரூப் பாலிசிக்கு உண்மையான இடம் எங்கன்னா 21,000 தாண்டுன சூப்பர்வைசர், டிசைனர், அக்கவுண்டன்ட் ஆளுங்களுக்கும், ஈஎஸ்ஐக்கு வராத சின்ன ஆபீசுக்கும்தான். 2020 ஏப்ரல் 15 அன்னைக்கு லாக்டவுன் வழிகாட்டுதல்ல மத்திய உள்துறை அமைச்சகம் தொழிலாளிங்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்னு போட்டப்பதான் பல பேர் முதல் தடவையா பாலிசி எடுத்தாங்க. அந்தக் காலம் முடிஞ்சிருச்சு, இப்ப ஈஎஸ்ஐக்கு வெளிய இருக்கறவங்களுக்கு எடுத்தே ஆகணும்னு பொதுச் சட்டம் எதுவும் இல்ல. அதனாலயே ஒரு நெனப்பு வந்திருது, கட்டாயம் இல்லாதத நான் செய்யறேன், இது என் தர்மம், தர்மத்துக்கு யாரும் கணக்குக் கேக்கக் கூடாதுன்னு. இங்கதான் நான் முதலாளிங்களோட ஒத்துப்போகல. "உனக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கேன்"னு ஒரு ஆளுகிட்ட சொன்ன அன்னைக்கே அவர் தனியா பாலிசி எடுக்கற யோசனைய விட்டுடறாரு. உங்க வார்த்தைய நம்பித்தான் விட்டாரு. அப்ப இருந்து அது தர்மம் இல்ல, பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எங்க ஓட்டையாகுதுன்னு பாத்தா பெரிய விஷயத்துல இல்ல, சிடி பேலன்ஸ்லதான். தெரியாதவங்களுக்கு சொல்றேன், குரூப் பாலிசில புது ஆள் சேந்தா பேர சேக்கணும், போனா எடுக்கணும், அதுக்கு எண்டார்ஸ்மெண்ட்னு பேர். அதுக்கான பிரீமியத்துக்குன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட முன்கூட்டியே கொஞ்சம் பணம் போட்டு வைக்கணும், அதுதான் சிடி பேலன்ஸ். அதுல பணம் இல்லன்னா பேர் ஏறாது. 1938 இன்சூரன்ஸ் சட்டத்துல 64 விபி பிரிவு, பிரீமியம் முன்னாடியே வராம எந்த ரிஸ்கையும் கம்பெனி ஏத்துக்கக் கூடாதுங்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு யூனிட்ல பேக்கிங் செக்‌ஷனுக்கு ஒரு தம்பி புதுசா சேந்தான், பேர மெயில்ல அனுப்பியாச்சு, அனுப்புனதோட எல்லாரும் வேலைய பாக்கப் போயிட்டாங்க. கொஞ்ச நாள்ல அவனுக்கு அப்பண்டிக்ஸ் வெடிக்கற நிலைமை, ராத்திரி அட்மிட், இன்சூரன்ஸ் டெஸ்க்ல பேரத் தட்டுனா வரல. சிடி அக்கவுண்ட்ல பணம் தீந்து போய் எண்டார்ஸ்மெண்ட் அப்படியே பெண்டிங்ல கிடந்திருக்கு. அந்த முதலாளி முழு பில்லையும் தன் கைக்காசுலயே கட்டுனாரு, வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லல. எல்லா முதலாளியும் அப்படிச் செய்ய முடியுமான்னா முடியாது, கையில இருக்கணும்ல. அதனால மாசத்துல ஒரு நாள் சிடி பேலன்ஸையும் மெம்பர் லிஸ்டையும் மஸ்டர் ரோலோட (வருகைப் பதிவேடு) ஒப்பிட்டுப் பாக்கறத நான் சம்பளப் பட்டியல் வேலையோடயே சேத்துட்டேன், பாலிசில பேர் ஏறுன ஆதாரம் வராம புது ஆளோட ஃபைல மூட மாட்டேன்.

சம்பளத்துல பிரீமியம் பிடிச்சுட்டு கட்டாம விடறது இதவிட ரொம்ப மோசம். 1999ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டெல்லி மின்வாரிய வழக்க நான் அடிக்கடி சொல்லுவேன். அது ஆயுள் காப்பீடு, எல்ஐசி சேலரி சேவிங்ஸ் திட்டம், தொழிலாளி சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுட்டு நிர்வாகம் எல்ஐசிக்கு அனுப்பாம விட்டுருச்சு, ஆள் இறந்ததும் பாலிசி லேப்ஸ்னு சொன்னாங்க. பிரீமியத்த வசூலிக்கற வேலைல நிர்வாகம் எல்ஐசியோட ஏஜெண்ட் மாதிரிதான், அதனால எல்ஐசி பணம் குடுக்கணும்னு கோர்ட் சொல்லிருச்சு. அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கெடச்சுது. ஆனா அதுக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. நம்ம பட்டறை ஆளு சார்பா யாரு டெல்லி வரைக்கும் போவாங்க?

தொழிலாளிக்குப் பாலிசில என்ன இருக்குன்னே தெரியாதுங்கறதும் ஒரு அநியாயம்தான். மாஸ்டர் பாலிசி முதலாளி பேர்ல, ஒப்பந்தம் முதலாளிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவுல, தொழிலாளி பலன் வாங்கறவர் மட்டும். அவர் கையில இருக்கறது ஒரு ஈகார்டு, அதுல "2 லட்சம்"னு போட்டிருக்கும். ரூம் ரெண்ட் லிமிட் ஒரு சதவீதம்னு அந்தக் கார்டுல இருக்காது. 2 லட்சத்துல ஒரு சதவீதம்னா நாளைக்கு 2,000. அந்த ரூம் காலி இல்லன்னு 4,000 ரூம்ல நாலு நாள் படுத்தா என்ன ஆகும்னு பாருங்க. மொத்த பில் 80,000, அதுல ரூமுக்கு 16,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேந்து 40,000, மருந்து, டெஸ்ட் 24,000. ரூமுக்கு 8,000 குடுப்பாங்க, தப்பான ரூம் எடுத்ததால டாக்டர், தியேட்டர் சார்ஜையும் அதே விகிதத்துல பாதியாக்கி 20,000 குடுப்பாங்க, மருந்து டெஸ்ட் மட்டும் முழுசா. ஆக 52,000. மீதி 28,000 டிஸ்சார்ஜ் அன்னைக்கு கைல இருந்து எடுத்து வைக்கணும். ரெண்டு லட்சம் இருக்குன்னு நம்பி வந்த மனுஷனுக்கு அந்த கவுண்டர்ல நிக்கும்போது வயித்துல புளியக் கரைக்கும். பாலிசி வந்த அன்னைக்கே எல்லாரையும் உக்கார வச்சு ரூம் லிமிட் இவ்வளவு, கோபே, அதாவது பில்லுல நம்ம கைல இருந்து கட்ட வேண்டிய பங்கு, இவ்வளவு, அப்பா அம்மா இதுல இருக்காங்களா இல்லையா, பிரசவத்துக்கு எவ்வளவுன்னு தமிழ்ல சொன்னா போதும். ஒவ்வொரு மெம்பருக்கும் சர்டிபிகேட் ஆஃப் இன்சூரன்ஸ் குடுக்கணும்னு விதியே இருக்கு. கேட்டு வாங்குங்க, வாங்கி அந்தந்த ஆள்கிட்ட குடுத்துருங்க, பீரோல பூட்டி வைக்காதீங்க.

இன்னொரு பக்கம், பேரே இல்லாதவங்கள சேக்கறது. குரூப் பாலிசில பெரும்பாலும் காத்திருப்புக் காலம் கிடையாது, முதல் நாள்ல இருந்தே பழைய வியாதிக்கும் கவர் வரும், அதுக்காகத்தான் அதுக்கு அவ்வளவு மதிப்பு. உடனே மச்சினருக்கு டயாலிசிஸ் நடக்குது, அவரையும் ஸ்டோர் கீப்பர்னு ஒரு பேரப் போட்டு ஏத்திருங்கன்னு கேப்பாங்க. நான் ஏத்த மாட்டேன். காப்பீட்டுக்காகவே சேத்த ஆளு குரூப் மெம்பர் ஆக முடியாது, முதலாளி தொழிலாளி உறவு நெசமா இருக்கணும். கிளைம் பெருசா வந்தா விசாரணைக்கு ஆள் வருவாங்க, மஸ்டர் கேப்பாங்க, பிஎஃப் சலான் கேப்பாங்க, சம்பளம் பேங்க் வழியா போச்சான்னு பாப்பாங்க. பொய்னு தெரிஞ்சா அந்த கிளைம் மட்டும் இல்ல மொத்த பாலிசியே ஆடிப் போயிரும், நெசமாவே வேலை செய்யற மத்தவங்க நடுத்தெருவுல நிப்பாங்க. மோசடி வழக்கும் வரலாம்.

இதுலயே மனச அறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. முப்பது வருஷம் கூட இருந்த ஃபிட்டர், இப்ப கண் தெரியல, வேலைய விட்டுட்டாரு, அவர் பேர மட்டும் லிஸ்ட்ல விட்டு வைக்கலாமான்னு ஒரு முதலாளி கேட்டாரு. பேராசைல கேக்கல, பாசத்துல கேட்டாரு. அதுவும் பொய்தான், ஆனா மச்சினர் கேஸும் இதுவும் ஒண்ணுன்னு எனக்கு சொல்ல வாய் வரல. நாங்க கடைசில செஞ்சது, அவருக்கு நெசமாவே வாரத்துல மூணு நாள் புதுப் பசங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கற வேலை, பேங்க்ல சம்பளம், அப்புறம் பகுதி நேர ஊழியரையும் சேக்கலாமான்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு அவங்க மெயில்ல சரின்னு சொன்ன பிறகுதான் பேர வச்சோம்.

இப்ப நான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச இடத்துக்கு வர்றேன். கிளைம் ரிப்போர்ட். ரினியூவலுக்கு முன்னாடி புரோக்கரோ, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளைம் வேலைய பாக்கற டிபிஏவோ ஒரு எக்செல் ஷீட் அனுப்புவாங்க. அதுல வரிசையா இருக்கும், ஊழியர் பேர், நோயாளி பேர், உறவு, ஆஸ்பத்திரி, வியாதி, கேட்ட தொகை, குடுத்த தொகை. பெரிய கம்பெனிக்குப் போறப்ப பேர எடுத்துட்டு அனுப்புறதும் உண்டு. ஆனா பதினோரு பேர்ல பேர எடுத்துட்டு என்ன பிரயோஜனம்? "மனைவி, 34 வயசு, மார்பகக் கட்டி"ன்னு இருந்தா அது யார் மனைவின்னு வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும். "சுயம், மனநலம், மூணு நாள்"னு இருந்தா யார் அந்த வாரம் லீவுன்னு எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஒரு ஆபீஸ்ல இந்த ஷீட்ட முதலாளி டேபிள்ல விரிச்சு வச்சு அக்கவுண்டன்ட கூப்பிட்டு சத்தமா படிச்சு "யாரு இவ்வளவு இழுத்தது"ன்னு கேட்டத நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அவர் கெட்டவர் இல்ல. அவருக்கு அது ஒரு செலவுக் கணக்கு. ஆனா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த ஆளு உக்காந்திருந்தாரு.

இதனால என்ன நடக்குதுன்னா ஆளுங்க கிளைமே பண்ண மாட்டாங்க. பாலிசில மனநல சிகிச்சைக்கு இடம் இருக்கு, உடம்பு வியாதிக்கு எப்படியோ அதே மாதிரிதான் மன வியாதிக்கும் காப்பீடு குடுக்கணும்னு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவா சொல்லுது. இருந்தும் நகைய அடகு வச்சு பில் கட்டுன ஒருத்தர எனக்குத் தெரியும், ஏன்னா ஷீட்ல வந்துரும்னு பயம். காப்பீடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ரிப்போர்ட்டுக்கு அப்புறம் ரினியூவல் ரேட் வரும். ஒரு லட்சம் பிரீமியம் கட்டுன குரூப்ல ரெண்டரை லட்சம் கிளைம் போயிருந்தா அடுத்த வருஷ ரேட் எகிறும், சின்ன குரூப்ல ஒரே ஒரு ஆபரேஷன் போதும் அதுக்கு. அப்ப ஏஜெண்ட் குரலத் தாழ்த்தி ஒரு யோசனை சொல்லுவாரு, "அந்த ஒரு பேர டெலீட் பண்ணிட்டா ரேட்ட குறைக்கச் சொல்லிக் கேக்கலாம் சார்". எந்த மெயில்லயும் எழுத மாட்டாங்க, போன்லதான் சொல்லுவாங்க. அந்த ஒரு பேருக்குத்தான் இப்ப பாலிசி அவசியம். மத்த பத்து பேரும் இன்னைக்கு நல்லா இருக்காங்க, அவங்களுக்காக பாலிசி எடுத்து, தேவைப்படற ஒருத்தர வெளிய விட்டா அது காப்பீடே இல்ல. பாலிசில தகுதியுள்ள எல்லா ஊழியரும்னு சொல்லிட்டு வேலைல இருக்கற ஒருத்தர மறைச்சா அது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பொய் தகவல்தான்.

அந்த ஆள வேலைய விட்டே அனுப்பிட்டா? இங்க சட்டம் ரொம்ப மெலிசு. ஹெச்ஐவி இருக்கறவங்கள வேலைலயோ காப்பீட்டுலயோ பாகுபாடு பண்ணக் கூடாதுன்னு 2017 சட்டம் இருக்கு, வேலைக்கு சேர டெஸ்ட் கேக்கவும் கூடாது. கர்ப்பமா இருக்கற பொண்ண பிரசவ லீவுல வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஈஎஸ்ஐல சிக்னஸ் பெனிபிட் வாங்கிட்டு இருக்கற காலத்துல வேலைய விட்டு நீக்கக் கூடாதுன்னும் இருக்கு. ஆனா 30,000 சம்பளம் வாங்கற, கிட்னி கெட்டுப்போன ஒரு சூப்பர்வைசருக்கு தனியார் கம்பெனில அந்த மாதிரி நேரடியா ஒரு கவசம் கிடையாது. 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1947 தொழில் தகராறு சட்டம்கூட, தொடர்ந்து உடம்பு சரியில்லன்னு ஒருத்தர விட்டு அனுப்புனா அத ஆட்குறைப்புன்னு கணக்குல எடுத்துக்கல. சட்டம் விட்ட அந்த எடத்துலதான் முதலாளி யாருங்கறது தெரியும்.

நான் வேலை பாக்கற இடங்கள்ல இதுக்கு சில ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன், செலவே இல்லாத விஷயங்கதான். டிபிஏ லாகின், ஈகார்டு எல்லாம் தொழிலாளியோட சொந்த போன் நம்பருக்கு, கம்பெனி நம்பருக்கு இல்ல. கிளைம் பேப்பர் அவர் நேரா அப்லோடு பண்ணுவாரு, முடியாதவங்களுக்கு முதலாளியோட உறவுக்காரர் அல்லாத ஒருத்தர் உதவுவாரு. புரோக்கருக்கு எழுத்துலயே சொல்லியாச்சு, எங்களுக்கு மொத்தத் தொகை, கிளைம் எண்ணிக்கை இது மட்டும் போதும், வியாதி விவரம் வேண்டாம். புரோக்கர் முதல்ல முணுமுணுத்தாரு, அப்புறம் அனுப்பிட்டாரு. ஊழியர்களோட பழைய வியாதி விவரத்த வாட்ஸ்அப் குரூப்ல கேக்கற பழக்கத்த நிறுத்தியாச்சு. 2011 ஐடி விதிகள்லயே மருத்துவ விவரம் முக்கியமான தனிப்பட்ட தகவல்னு இருக்கு, 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாச்சு, வேலை சம்பந்தமா தகவல் வச்சிருக்கலாம்னு அதுல இடம் இருந்தாலும் வேணுங்கறதுக்கு மேல வச்சுக்க ஒரு காரணமும் இல்ல.

குரூப் பாலிசியே வேண்டாம், ஆளாளுக்கு தனி பாலிசி எடுக்க வச்சு பிரீமியத்த முதலாளி குடுத்துட்டா என்னன்னு இப்ப கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல, குரூப்புக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கு, சட்டப்படி கட்டாயமா எடுக்கற பாலிசியா இல்லாத பட்சத்துல அந்த வரிய இன்புட்ல எடுக்கவும், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கவும் முடியாது. தனி பாலிசில யாருக்கு என்ன வியாதின்னு முதலாளிக்குத் தெரியவே தெரியாது, வேலைய மாத்துனாலும் பாலிசி கூடவே வரும். இளவயசு ஆளுங்களுக்கு இது நல்ல வழின்னே நானும் நெனைக்கறேன். ஆனா 52 வயசு, சுகரும் இருக்கு, ஸ்டென்டும் வச்சிருக்கு, அந்த மனுஷனுக்கு எந்தக் கம்பெனியும் சுலபமா தனி பாலிசி குடுக்காது, குடுத்தாலும் பழைய வியாதிக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். அவருக்கு குரூப்ப விட்டா வேற கதி இல்ல. அதனால எல்லாரும் தனித்தனியா போயிட்டா இளவயசுக்காரங்களுக்கு லாபம், அவர் மட்டும் தனியா நிப்பாரு. இதுக்கு எங்கிட்ட நேரான பதில் இல்ல, ஒரு இடத்துல அப்படி ஒரு ஆள் இருக்கறவரைக்கும் குரூப்பக் கலைக்காதீங்கன்னுதான் சொல்லிட்டு வர்றேன்.

ரேட் ஏறுன ஒரு யூனிட்ல முதலாளி வேற மாதிரி போனாரு. யார் பேரும் சொல்லாம, பிரீமியம் இவ்வளவு ஏறியிருக்கு, நான் இவ்வளவுதான் தாங்க முடியும், ஒண்ணு எல்லாருக்கும் பத்து சதவீதம் கோபே வைக்கலாம், இல்லன்னா அப்பா அம்மாவ எடுத்துட்டு அவங்களுக்கு வேணுங்கறவங்க தனியா பணம் கட்டலாம், நீங்களே சொல்லுங்கன்னு கூட்டத்துல வச்சாரு. கல்யாணம் ஆகாத பசங்க அப்பா அம்மாவ எடுக்கக் கூடாதுன்னாங்க, குழந்தை இருக்கறவங்க கோபே வேண்டாம்னாங்க, கொஞ்ச நேரம் சத்தமாத்தான் இருந்துச்சு. கடைசில கோபே முடிவாச்சு. ரெண்டு பேருக்கு இன்னும் மனசு ஆறல. ஆனா பணத்தக் குறைக்க யாரையும் கழட்டி விடல.

வேலைய விட்டுப் போறவங்களுக்கு சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, இத பெரும்பாலும் யாரும் சொல்றதே இல்ல. குரூப் பாலிசி வேலை முடியற அன்னைக்கோட முடிஞ்சிரும். ஆனா அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறிக்கலாம், அத மைகிரேஷன்னு சொல்லுவாங்க, குரூப்ல இருந்த காலத்த காத்திருப்புக் காலத்துல கழிச்சுக்குவாங்க. கம்பெனி பரிசீலிச்சுத்தான் குடுக்கும்ங்கறதால கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ராஜினாமா லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே முதலாளி இத எழுத்துல குடுத்துரணும், ரிலீவிங் லெட்டரோட பாலிசி நம்பர், எந்தத் தேதில இருந்து கவர்ல இருந்தாரு, எந்த மெயிலுக்கு எழுதணும்னு ஒரு தாள். நான் அந்தத் தாளுக்கு ஒரு மாதிரி வச்சிருக்கேன்.

அப்புறம் கிளைம மறுத்துட்டாங்கன்னா, குரூப் பாலிசின்னாலும் தொழிலாளி, காப்பீட்டுப் புகார விசாரிக்கற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், சென்னைல ஆபீஸ் இருக்கு. முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுத்து, அவங்க நிராகரிச்சாலோ ஒரு மாசம் பதிலே இல்லாம விட்டாலோ, அதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள. ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். போகும்போது சர்டிபிகேட் ஆஃப் இன்சூரன்ஸ், மறுப்பு லெட்டர், டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளத்துல பிடிச்சிருந்தா அந்த சம்பள சிலிப், இத்தனையும் கையில இருக்கணும். சம்பள சிலிப்பும் சர்டிபிகேட்டும் முதலாளிகிட்ட இருந்துதான் வரணும், அதனால கேட்டு வாங்கிக்கோங்க, முதலாளியா இருந்தா கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துருங்க.